செட்டிநாட்டுப் பழைய வீட்டின் வரலாற்றை எழுதுவது எப்படி: கட்டடமும் அதில் வாழ்ந்தவர்களும்

காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டில் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கட்டிய வீடுகளைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி ஒரே வரிசையில்தான் போகும்: பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுவர்ப்பூச்சு. சரி, எல்லாம் உண்மைதான், பார்க்கவும் அழகுதான். ஆனால் அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், எந்த அறை யாருக்கு, எந்த அடுப்பில் யாருக்குச் சோறு வெந்தது என்று கேட்டால் "ஐயா கட்டினது" என்பதற்கு மேல் பல வீடுகளில் பதில் கிடைப்பதில்லை. கட்டிய ஐயா வாழ்நாளில் பாதியை ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ கழித்திருப்பார். வீட்டிலேயே இருந்தவர்கள் ஆச்சிகள், பிள்ளைகள், கணக்குப்பிள்ளை, சமையல்காரர், வளவு (வீட்டின் நடு முற்றம்) கூட்டிய பெண்கள். அவர்களும் உள்ளே வந்தால்தான் அது வீட்டு வரலாறு. கட்டடத்தை மட்டும் எழுதினால் அது சாமான் பட்டியல்.

உங்களுக்கு ஒரு பங்கு இருக்கும் பூர்வீக வீடாக இருக்கலாம், நீங்கள் ஆய்வுக்கு எடுத்த வீடாக இருக்கலாம், வாங்கி விடுதியாக மாற்றப்போகும் வீடாகக்கூட இருக்கலாம். வேலையின் வரிசை ஒன்றுதான். முதலில் ஆட்கள், அப்புறம் கட்டடம், அதன்பின் சாமான், கடைசியில் காகிதம். நிறையப் பேர் டேப்பைப் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். சுவர் அடுத்த வருஷமும் நிற்கும், தொண்ணூறு வயது ஆச்சி இருப்பாரா என்று சொல்ல முடியாது.

முதலில் பங்காளிகளிடம் பேசுங்கள்

இந்த வீடுகள் ஒருவருக்குச் சொந்தமானவை அல்ல. தாத்தாவின் மகன்கள், அவர்கள் மகன்கள் என்று பங்கு பிரிந்து, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று போயிருக்கும். ஒவ்வொரு அறைப் பூட்டின் சாவியும் ஒவ்வொரு ஊரில், சில சாவிகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும். ஆகவே எடுத்தவுடன் ஒருவர் அனுமதியை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் படம் எடுக்காதீர்கள், அது பின்னால் பெரிய மனக்கசப்பாகும். எல்லாப் பங்குக்காரர்களுக்கும் ஒரே மாதிரி செய்தி அனுப்புங்கள்: என்ன செய்யப்போகிறேன், எதைப் படம் எடுப்பேன், எதை வெளியில் போடமாட்டேன் (பூட்டு, பெட்டகம், வெள்ளிச் சாமான், சாமி வீடு), முடிந்ததும் ஆளுக்கொரு பிரதி தருவேன். படைப்புக்கோ (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் நாள்) கல்யாணத்துக்கோ எல்லாரும் ஊருக்கு வரும் சமயமாகப் பார்த்துத் தொடங்கினால் பாதி வேலை அங்கேயே முடியும். அடைத்த கதவுகள் திறக்கும் நாட்கள் அவைதான்.

வயதில் மூத்த ஆச்சியிடம் உட்காருங்கள்

பேட்டி என்று சொல்லாதீர்கள், சொன்னால் ஆச்சி சேலையைச் சரி செய்துகொண்டு, பத்திரிகையில் வருகிற மாதிரி நல்ல வார்த்தையாகப் பேச ஆரம்பித்துவிடுவார். வீட்டைச் சுற்றி நடந்துகொண்டே கேளுங்கள். "ஆச்சி, நீங்க கல்யாணமாகி வந்தப்ப எந்த வீட்டைக் குடுத்தாக?" என்ற ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள்.

காரணம் இதுதான். வளவைச் சுற்றி வரிசையாக இருக்கும் அறைகளை இங்கே 'வீடு' என்றே சொல்வார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அறைகள் சேர்ந்தது இரட்டை வீடு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று, அவன் மனைவியின் சீர்ச் சாமான் அதற்குள், சாவி அவள் இடுப்பில். கல்யாணம் முடிந்து கொஞ்ச காலத்தில் 'வேறு வைத்து' விடுவார்கள். அதாவது அந்தத் தம்பதிக்குத் தனி அடுப்பு, வருஷத்துக்கு இவ்வளவு என்று தனிச் செலவு. ஒரே கூரை, பல குடும்பக் கணக்கு. ஆகவே "எந்த வீடு யாருக்கு" என்று கேட்டால் வீட்டின் வரைபடமும் வம்சாவளியும் ஒரே சமயத்தில் வந்துவிடும்.

கேட்க வேண்டியவற்றில் விடக்கூடாதவை: அடுப்படியில் யார் அடுப்பு எங்கே இருந்தது, வெயில் காலத்தில் எல்லாரும் எங்கே படுத்தார்கள், பிள்ளை பெற்றது எந்த அறையில், கணவர் கொண்டு விக்க, அதாவது கடல் கடந்து தொழிலுக்கு, போயிருந்த காலத்தில் கடிதம் யார் வாசித்துச் சொன்னது, வேலைக்கு இருந்தவர்கள் பெயர் என்ன, அவர்கள் எந்த வாசல் வழியாக வந்தார்கள், எதுவரை வந்தார்கள். கடைசி இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லத் தயங்குவார்கள். பொறுமையாகக் கேளுங்கள், திரும்பக் கேளுங்கள். எந்தச் சாதியார் முகப்போடு நின்றார்கள், யார் பின்கட்டு வழியே தோட்டத்துக்கு மட்டும் வந்தார்கள் என்பதும் இந்தக் கட்டட அமைப்பில் இருக்கிற உண்மை, அதை மழுப்பி எழுதக்கூடாது. வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் அதே ஊரில் இருந்தால் அவர்களிடமும் தனியாகப் போய் உட்காருங்கள். பின்கட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு பங்காளிகளுக்குத் தெரியாது.

பெயர்க் குழப்பம் கட்டாயம் வரும். தலைமகனுக்கு அப்பச்சியின் (தந்தையின்) அப்பா பேர், அடுத்தவனுக்கு ஆத்தாவின் (தாயின்) அப்பா பேர் என்று விடும் வழக்கத்தால் ஒரு வீட்டில் நாலு தலைமுறையில் இரண்டு மூன்று முத்தையாக்கள், இரண்டு வள்ளியம்மைகள் இருப்பார்கள். போதாததற்குப் பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, வேறு. சுவீகாரம் போன பையனுக்கு அந்த வீட்டில் புதுப் பெயரே வைத்துவிடுவார்கள். சிறுகூடல்பட்டியில் 1927-ல் பிறந்த முத்தையா, சுவீகாரம் போன வீட்டில் நாராயணன் ஆனார், பின்னால்தான் அவர் கண்ணதாசன். ஒரே ஆள் இரண்டு வீட்டுக் கணக்கில் இரண்டு பெயரில் வருவார் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஒவ்வொரு ஆளுக்கும் பெயரோடு, தலைப்பெழுத்து, பிறந்த வீடு, புகுந்த அல்லது கூட்டப்பட்ட வீடு, நகரக் கோயில், பிரிவு ஆகியவற்றைச் சேர்த்தே எழுதுங்கள். நகரத்தார் ஒன்பது கோயில்களின் வழியாகப் பிரிந்தவர்கள், அதில் எது என்று தெரிந்தாலே பல குழப்பம் தீரும். இளையாத்தங்குடி என்றால் அதற்குள் ஏழு பிரிவு இருப்பதால் அதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது வீட்டை நடந்து பாருங்கள், பின்னாலிருந்து

சுற்றுலா வருகிறவர்கள் முகப்பிலிருந்து உள்ளே போவார்கள். நீங்கள் தோட்டத்து வாசலில் தொடங்கி முன்னால் வாருங்கள். இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை, பின்வாசல் நிஜமாகவே இன்னொரு தெருவில் இருக்கும். முகப்புதான் காசு வர வர மாற்றிக் கட்டப்பட்ட பகுதி. 1880-களில் ஒரு தளத்தோடு இருந்த வீட்டுக்கு 1920-களில் மாடி, கைப்பிடிச் சுவர், சுதைப் பொம்மைகள் எல்லாம் வந்திருக்கும். கிணற்றடி, அடுப்படி, மூன்றாங்கட்டு ஆகியவற்றில்தான் பழைய செங்கல், பழைய மரம், பழைய மட்டம் தொடாமல் கிடக்கும்.

வழியில் வருபவை பொதுவாக இப்படி: தோட்டம், கிணறு, அடுப்படியும் அம்மி, ஆட்டுக்கல், உரல் கிடக்கும் கட்டும், பெண்கள் புழங்கிய கட்டு, பந்தி போட்டுச் சாப்பிட்ட கட்டு, பிறகு பெரிய வளவு, அதன் இரு தலைப்பிலும் உயர்ந்த பட்டாலை (உட்காரும் மேடை), இரு பக்கமும் இரட்டை வீடுகள், பெரிய நிலைக்கதவு, முகப்பு, திண்ணை, கணக்குப்பிள்ளை உட்கார்ந்த இடம். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு சொல்லும் பெயர் மாறும். புத்தகப் பெயரைப் போடாமல் அந்த வீட்டார் என்ன சொல்கிறார்களோ அதையே உங்கள் வரைபடத்தில் எழுதுங்கள்.

அளவெடுக்கும்போது அடி, அங்குலத்திலேயே எடுங்கள், சுவரின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு. மனையடி சாஸ்திரம் பார்த்து அறையளவை முடிவு செய்து கட்டிய வீடுகள் இவை, மீட்டரில் எடுத்தால் அந்த ஒழுங்கு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஒரு அறை மட்டும் அந்த ஒழுங்கில் சேராத உதிரி அளவில் இருந்தால், அது பின்னால் தடுத்த சுவரா என்று பாருங்கள், பாகப்பிரிவினைச் சுவர்கள் இப்படித்தான் மாட்டும்.

இரண்டு விஷயங்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். ஒன்று, மழை. வளவின் ஓட்டுக்கூரைகள் உள்நோக்கிச் சரியும், நாலு பக்கத் தண்ணீரும் வளவு வாசலில் இறங்கும், அங்கே அண்டாவில் பிடித்தது போக மிச்சம் கால்வாய் வழியாக வெளியேறி ஊருணிக்குப் போகும்படிதான் பல ஊர்களில் அமைப்பு. இந்த வறண்ட சீமையில் வீட்டை மட்டும் வரைந்து தண்ணீர் போகிற வழியை விட்டுவிட்டால் கட்டியவர்களின் புத்தியில் பாதியை விட்டதாகும். இன்னொன்று, நேர்கோடு. முகப்பில் நின்றால் வாசலுக்குப் பின் வாசலாகப் பின்கட்டு வரை தெரியும். அதே கோட்டை அடுப்படி நிலையில் நின்றும் பாருங்கள்: முகப்பில் யார் வந்து உட்கார்ந்தாலும் உள்ளிருந்து ஆச்சிக்குத் தெரிந்துவிடும்.

எப்போது கட்டியது: வீடே சொல்லும் தடயங்கள்

"இருநூறு வருஷம் பழசு" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். நம்பிக்கையைக் குலைக்க வேண்டாம், ஆனால் எழுதும்போது தடயம் வேண்டும். இப்போது நிற்கும் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 1850-க்கும் 1940-களுக்கும் நடுவில் வந்தவை. கடல் கடந்த வட்டித் தொழில் வளர்ந்த காலமும் அதுதான்: 1852-ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது, பர்மா நெல்லுக்கு உலகச் சந்தை கிடைத்தது, நெல் பயிரிடக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். அந்தப் பணம்தான் இங்கே தூணாக நிற்கிறது. காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீடு 1941-ஐச் சேர்ந்தது. அந்த வருஷ டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது, 1942 மார்ச்சில் நகரமே விழுந்தது. அதோடு இந்த அளவில் கட்டுவதும் அநேகமாக நின்றது.

முதலில் எழுத்தைத் தேடுங்கள். நிலைக்கு மேல், முகப்பு நெற்றியில், இரும்புக் கதவில், கிணற்றுக் கட்டையில், மாடிக் கைப்பிடியில் வருஷம் இருக்கும். தமிழ் எண்ணில் இருந்தால் ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ௲௯௱௨௰௨ என்றால் 1922. வெறும் 'துந்துபி வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1862, 1922, 1982 மூன்றில் எதுவும் ஆகலாம், மற்றத் தடயத்தோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சாலிவாகன சகாப்தம் என்று இருந்தால் 78 கூட்டுங்கள், ஒரு வருஷம் முன்பின் வரலாம்.

அடுத்து, பொருள்களின் முத்திரை. பின்கட்டில் மங்களூர் ஓடு இருந்து ஒன்று கழன்று கிடந்தால் திருப்பிப் பாருங்கள். பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சபை மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-ல். முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. ஓட்டின் அடியில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதை வைத்தே போருக்கு முந்தியதா பிந்தியதா என்று சொல்லிவிடலாம். இரும்பு உத்திரத்தின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஆலைப் பெயர் புடைப்பாக இருக்கும். டாடா என்று இருந்தால் 1912-க்குப் பிந்தியது, அந்த வருஷம்தான் ஜாம்ஷெட்பூரில் எஃகு வந்தது. டோர்மன் லாங் என்றால் இங்கிலாந்துச் சரக்கு. சுவரில் பதித்த பூ ஓடுகளில் இங்கிலாந்தும் உண்டு ஜப்பானும் உண்டு. முதல் உலகப் போரில் ஐரோப்பியச் சரக்கு குறைந்தபோது ஜப்பான் ஓடு நிறைய உள்ளே வந்தது. உடைந்த ஓடு கிடந்தால் பின்பக்க எழுத்தைப் படம் எடுங்கள், நல்ல ஓட்டைப் பெயர்த்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

தரை அடுத்தது. ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்வது: கண்ணாடி மேல் அச்சு வைத்து, நிறச் சாந்தை ஊற்றி, மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பின் சாந்து போட்டு, காய்ந்து தண்ணீரில் ஊறியபின் கண்ணாடியிலிருந்து எடுப்பார்கள். மெருகு கண்ணாடியிலிருந்து வருவது, தேய்த்து வந்ததல்ல. ஆகவே இது சிமெண்டு பரவலான இருபதாம் நூற்றாண்டுத் தரை. 1890-களின் வீட்டில் ஆத்தங்குடிக் கல் இருந்தால் தரை பின்னால் மாற்றப்பட்டது என்று அர்த்தம், மூலைகளில் பழைய தரையின் மிச்சம் தெரிகிறதா பாருங்கள். சுவரும் அப்படியே. சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு என்று அடுக்கடுக்காகப் பூசிக் கல்லால் தேய்த்த சுவரைக் கையால் தடவினால் கோடையிலும் சில்லென்று இருக்கும். அதன் மேல் பெயிண்ட் அடித்த இடத்தில் சுவர் மூச்சு விட முடியாமல் பொரிந்து உதிரும். உதிர்ந்த இடத்தையும் படம் எடுங்கள், கீழடுக்கு எத்தனை, என்ன நிறம் என்று அங்கேதான் தெரியும்.

பாணியையும் ஒரு கண் பாருங்கள். கட்டையான மரத்தூண், ஓட்டுக்கூரை, ஒரே தளம் என்றால் மூத்த பகுதி. உயரமான முகப்பு, கைப்பிடித் தூண்கள், கஜலட்சுமிக்கு இருபுறமும் துப்பாக்கிச் சிப்பாய் நிற்கும் சுதை என்றால் பெரும்பாலும் 1900-க்குப் பின். படிப்படியான கோடுகள், வளைந்த மூலை, கான்கிரீட் சன்ஷேடு என்றால் 1930-கள். ஒரே வீட்டில் மூன்றும் இருக்கும். எது எந்தப் பகுதியில் என்று வரைபடத்தில் வேறு வேறு நிறத்தில் தீட்டுங்கள்.

பாத்திரங்களைப் படியுங்கள்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, பலரும் தாண்டிப் போகிற பகுதியும் இதுதான். பழைய பத்திரங்களில் ஆண்களின் பெயர்தான் இருக்கும். பெண்களின் பெயர் இருப்பது பித்தளையிலும் வெண்கலத்திலும் எனாமலிலும் வெள்ளியிலும்.

கல்யாணத்தில் பெண் வீட்டார் பரப்பும் சாமானில் அண்டாவிலிருந்து கரண்டி வரை பெயர் வெட்டி அனுப்புவார்கள், யார் சாமான் யாருடையது என்று கலந்துவிடக்கூடாது என்பதற்காக. அதில் இருப்பது பெரும்பாலும் பெண்ணின் பெயரோ, அவள் அப்பச்சியின் விலாசமோ. விலாசம் என்று நகரத்தார் சொல்வது கடையின் தலைப்பெழுத்துகளை: தாத்தா, அப்பா, மகன் பெயர்களின் முதல் எழுத்துகள் கோத்த வரிசை. ஒரு குத்துவிளக்கின் அடியில் உங்கள் வீட்டு விலாசம் இல்லாமல் வேறொன்று இருந்தால், அந்த விளக்கோடு ஒரு பெண் வேறு ஊரிலிருந்து இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவள் யார் என்று தேடுங்கள். இப்படி அடுப்படிச் சாமானை வரிசையாக எடுத்து, அடியைத் துடைத்து, சாய்வாக வெளிச்சம் விட்டு எழுத்தைப் படம் எடுத்தால், பத்திரங்கள் சொல்லாத மருமகள்களின் பட்டியல் கையில் வந்துவிடும். தலைமுறை தலைமுறையாக எந்த ஊர்களோடு பெண் கொண்டு கொடுத்தார்கள் என்பதும் சேர்ந்தே தெரியும்.

புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு எழுத்தைத் தேடாதீர்கள், புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து ஏற்கனவே தேய்ந்திருக்கும். உலர்ந்த துணி போதும். எந்தப் பாத்திரம் எந்த அறையில் இருந்தது என்பதைக் குறிக்காமல் இடம் மாற்றவும் மாற்றாதீர்கள்.

சுவரில் தொங்கும் போட்டோக்களை நேரே நின்று எடுங்கள், முடிந்தால் சட்டத்தின் பின்பக்கத்தையும். ஸ்டூடியோ பெயரும் ஊரும் அட்டையின் கீழ் இருக்கும்; ரங்கூன் ஸ்டூடியோ என்றால் அந்த மனிதர் எந்த ஊரில் கடை வைத்திருந்தார் என்பதற்கு அதுவே ஒரு சாட்சி. படத்தில் இருப்பவர் பெயரை வீட்டில் மூத்தவர் சொல்லச் சொல்ல உடனே எழுதுங்கள்.

காகிதம்

பெட்டகங்களில் மூன்று வகைக் காகிதம் கிடைக்கும், மூன்றையும் தனித்தனியாக வையுங்கள்.

தொழில் கணக்கு முதலாவது: பேரேடு, ஐந்தொகை, ஏஜெண்டுகளுக்கு எழுதிய சம்பளச் சீட்டு. ஏஜெண்டு, அடுத்தாள், பொட்டியடிப் பையன் என்று படிநிலை இருக்கும், பொதுவாக மூன்று வருஷம் ஒரு கணக்கு. இந்த வீட்டிலிருந்து யார் எந்த வருஷம் கப்பல் ஏறினார், எப்போது திரும்பினார் என்பது இதில் விழும். அப்பா வெளிநாட்டில் இருந்த வருஷங்களையும் பிள்ளைகள் பிறந்த வருஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு ஆச்சி எத்தனை வருஷம் தனியாக அந்த வளவை நடத்தினார் என்பது தெளிவாகத் தெரியும்.

வீட்டுக் காகிதம் இரண்டாவது: கடிதம், மொய் ஏடு, கல்யாணத்தில் எழுதும் இசைகுடிமானம், சுவீகார முறி, சீர் பட்டியல், கட்டுமானக் கணக்கு. கட்டுமானக் கணக்கு கிடைத்தால் அதை எதற்கும் முன்னால் படம் எடுங்கள். கொத்தனார், ஆசாரி, சிற்ப வேலைக்காரர், வண்டிக்காரர் ஆகியோர் பெயரும் கூலியும் இருப்பது அதில் மட்டும்தான், வேறு எங்கும் அவர்களைக் காண முடியாது. கடித உறைகளில் தபால்தலையைப் பாருங்கள். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா இந்தியாவோடு இருந்ததால் ரங்கூன் கடிதத்திலும் இந்தியத் தலைதான், அதற்குப் பிறகு பர்மாத் தலை. முகவரியும் பேசும்: ரங்கூன் முகல் தெரு, சிங்கப்பூர் மார்க்கெட் தெரு, கோலாலம்பூர் அம்பாங் தெரு, கொழும்பு செட்டியார் தெரு எல்லாம் நகரத்தாரின் கிட்டங்கிகளும் (பல கடைகள் சேர்ந்து இயங்கிய கட்டடங்கள்) கடைகளும் இருந்த இடங்கள். பட்டங்களும் காலம் காட்டும். கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியாருக்கு 'சர்' 1923-ல், 'ராஜா' 1929-ல். அழைப்பிதழில் எது இருக்கிறது என்று பார்த்தால் வருஷம் நெருங்கிவிடும்.

மூன்றாவது பத்திரங்கள்: கிரயம், பாகப்பிரிவினை, உயில், பட்டா. வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தியதுதான் கிடைக்கும், அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட வேண்டும். தேடும்போது மாவட்டப் பெயரில் தடுமாறாதீர்கள். சிவகங்கை மாவட்டம் 1985-ல் வந்தது. அதற்கு முன் அதே ஊர் ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது, 1910-க்கு முன் என்றால் மதுரை ஜில்லா. கோனாபட்டு, ராயவரம் போன்ற ஊர்கள் 1948 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானம், அவற்றின் ஆவண வழியே வேறு. பாகப்பிரிவினையில் பெண்மக்கள் பெயர் இல்லையென்றால் ஆச்சரியப்படாதீர்கள், தமிழ்நாட்டில் மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் சம உரிமை வந்ததே 1989-ல்தான், அதுவும் அன்று கல்யாணம் ஆகாதவர்களுக்கு. விதிவிலக்கும் உண்டு. கானாடுகாத்தானில் இன்று விடுதியாக இருக்கும் விசாலம், 1930-களின் கடைசியில் மகளுக்காக அப்பா கட்டிய வீடு.

ஏடுகளைப் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், ஈரப்படுத்தாதீர்கள், பிளாஸ்டிக் பையில் போட்டு மூடாதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி, தெரிந்தவர்கள் கைக்குப் போகும்வரை காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள்.

வீட்டுக்கு வெளியே

உள்ளூரில் கிடைக்காதது கடலுக்கு அப்பால் கிடைக்கும். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறது. விலாசத்தை ஆங்கில எழுத்தில், புள்ளியோடும் புள்ளி இல்லாமலும், சின்னையா, சின்னய்யா என்று எழுத்து மாற்றி மாற்றித் தேடுங்கள். வழக்கு, ஏலம், கூட்டு முறிவு அறிவிப்பு என்று ஏதாவது ஒன்றில் மாட்டும். பர்மாவைப் பற்றி 1929–30-ல் நடந்த வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கையில் நகரத்தார் தொழில் நடந்த விதம் விரிவாக இருக்கிறது, தாத்தாவின் பேரேடு புரியாமல் இருந்தால் அதை வாசித்துவிட்டு வந்து பாருங்கள்.

வந்து தங்கியவர்களையும் விடாதீர்கள். பாரதியார் 1919-ல் கானாடுகாத்தானுக்கு வந்து வயி.சு. சண்முகனாரின் விருந்தினராக இருந்தார், காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கும் போனார். இன்று நாம் பார்க்கும் பாரதி படங்களில் சில காரைக்குடியில் எடுத்தவை. கோட்டையூரில் ஒரு வீட்டில் ரோஜா முத்தையா தனி ஆளாகத் தமிழ் நூல்களைச் சேர்த்துக் குவித்தார். 1992-ல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரம் சென்னைக்கு வந்து 1994-ல் ஆராய்ச்சி நூலகமானது. உங்கள் வீட்டு மாடி அறையில் கிடக்கும் பழைய பத்திரிகைக் கட்டை எடைக்குப் போடுமுன் அந்த நூலகத்தை ஒருமுறை கேளுங்கள்.

இடிந்த வீடாக இருந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் நடந்து பாருங்கள். தூண், நிலை, பாத்திரம் எல்லாம் அங்கே வந்து சேரும். விலாசம் வெட்டிய ஒன்று கண்ணில் பட்டால் அனுமதி கேட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் சேர்ப்பது

இப்போது அறைக்கு ஒரு அட்டை போடுங்கள். தலைப்பில் வீட்டார் சொல்லும் அறைப் பெயர். கீழே மூன்று பத்தி: கட்டடம் (அளவு, தரை, மரம், காலத் தடயம்), ஆட்கள் (யார், எந்த வருஷத்திலிருந்து எதுவரை), சான்று (யார் சொன்னது, எந்தப் பாத்திரம், எந்தப் பத்திரம்). ஆச்சி சொன்னதும் பத்திரம் சொல்வதும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள், யார் சொன்னது என்ற குறிப்போடு. பத்திரம் சொல்வதால் மட்டும் ஆச்சி சொன்னது பொய்யாகிவிடாது. எழுத்தில் மூத்த மகனுக்கு ஒதுக்கிய வீட்டில் புழக்கத்தில் விதவை அத்தை இருந்திருப்பார்.

அட்டைகள் முடிந்தபின் வளவின் வரைபடத்தைத் தலைமுறைக்கு ஒன்றாகப் போடுங்கள், உதாரணமாக 1910, 1935, 1960, இன்று. ஒவ்வொன்றிலும் அறைக்குள் அங்கே இருந்தவர்கள் பெயரை எழுதுங்கள். அடுப்படியிலும் முகப்பிலும் தோட்டத்திலும் வேலை பார்த்தவர்கள் பெயரும் அதே அளவு எழுத்தில் வரவேண்டும். 1935 படத்தில் நெருக்கடியாக இருந்த வளவு 1960-ல் எப்படிக் காலியாகிறது, யார் மெட்ராசுக்குப் போனார், யார் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பி எந்த அறைக்கு வந்தார் என்பது நாலு தாளில் தெரிந்துவிடும். எழுத உட்காரும்போது இந்த நாலு தாளையும் முன்னால் வைத்துக்கொண்டு எழுதுங்கள், ஓடும் தூணும் தானாக அவற்றின் இடத்தில் வந்து உட்காரும்.

2014-ல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறின. அதற்காக யாராவது வந்து உங்கள் வீட்டை எழுதுவார்கள் என்று காத்திருக்காதீர்கள், வருகிறவர்களுக்கு உங்கள் ஆச்சியைத் தெரியாது.

கடைசியாக, சேமிப்பு. கோப்புப் பெயரில் ஊர், விலாசம், கட்டு, அறை, தேதி இந்த வரிசையில் போடுங்கள். ஒலிப்பதிவுகளைச் சுருக்காமல் அப்படியே வையுங்கள். ஒரு பிரதி வீட்டில் அச்சாக, ஒன்று பங்குக்காரர்களில் வெளிநாட்டில் இருப்பவரிடம், ஒன்று நம்பகமான நூலகத்தில். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, சொத்து விவரம் நூலகப் பிரதியில் இருக்கக்கூடாது. அடுத்த படைப்புக்கு எல்லாரும் கூடும்போது அச்சுப் பிரதியை வளவில் வைத்து, பக்கத்தில் பென்சிலும் வையுங்கள். திருத்தம் சொல்ல நாலு பேராவது வருவார்கள், அதையெல்லாம் தேதி போட்டு ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள், இரண்டாம் பதிப்பு அதிலிருந்துதான் வரும்.